தாதியர் பணியும் நோயாளியின் எதிர்பார்ப்பும்

பால் வெட்டி முடித்து நிறுவைக்குக் கொண்டு வரும்பொழுது, வாளியின் எடை மட்டுமே கணக்காகாது என்பதைத் தோட்டப் பெருமக்கள் நன்கு அறிவார்கள். பாலில் இரப்பரும் உண்டு, நீரும் உண்டு. புதுப்பாலில் உலர்ந்த இரப்பர் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு அளவிலேயே இருக்கும். அதுவும் மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறுபடும். ஆதலின், எடையைக் குறித்த பின்னர் மெட்ரோலாக் கருவியைக் கொண்டோ, மாதிரி எடுத்து உலர்த்தியோ அதன் உண்மையான செறிவைக் கண்டறிகிறார்கள். அவ்வாறு செய்யாவிடில் நல்ல பால் கொணர்ந்தவருக்கும் நீர்த்த பால் கொணர்ந்தவருக்கும் வேறுபாடு தெரியாமற் போய்விடும்.

மருத்துவமனையில் தங்கி வீடு திரும்பும் நோயாளியிடம், "இங்குள்ள தாதியர் பணி உங்களுக்குத் திருப்தியளித்ததா?" என்று கேட்பதும் ஏறக்குறைய வாளியை நிறுப்பது போன்றதே. "திருப்திதான்" என்று அவர் கூறும் ஒரு சொல்லில் எத்தனையோ பொருள்கள் கலந்திருக்கலாம். உண்மையாகவே சிறந்த கவனிப்பு கிடைத்திருக்கலாம். அல்லது, அவர் மிகக் குறைவாகவே எதிர்பார்த்திருக்கலாம். அல்லது, உயிர் பிழைத்த நன்றியுணர்ச்சியிலோ அச்சத்தினாலோ அவ்வாறு கூறியிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவதற்காகவே நோயாளியின் எதிர்பார்ப்பை அளக்கும் முறைகள் தோன்றின. அவை யாவை, எவ்வாறு பயன்படுகின்றன, அவற்றில் நம்முடைய பங்கு யாது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

எதிர்பார்ப்பு என்பது யாது?

எதிர்பார்ப்பு என்னும் ஒரே சொல்லால் நாம் மூன்று வெவ்வேறு கருத்துகளைக் குறிக்கிறோம். முதலாவது, இருக்க வேண்டும் என்று விரும்புவது. இரண்டாவது, இப்படித்தான் நடக்கும் என்று முன்கூட்டியே கருதுவது. மூன்றாவது, இதற்கும் கீழே போனால் பொறுக்க முடியாது என்னும் குறைந்த அளவு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் ஒருவர் வலி தாங்காமல் தாதியை அழைக்கிறார். உடனே வர வேண்டும் என்பது அவருடைய விருப்பம். வார்டில் கூட்டம் மிகுந்திருப்பதால் 10 நிமிடமாகும் என்பது அவருடைய கணிப்பு. அரை மணி நேரத்துக்கு மேற்பட்டால் பொறுக்க இயலாது என்பது அவருடைய எல்லை. விருப்பத்துக்கும் அந்தக் கடைசி எல்லைக்கும் இடைப்பட்ட பகுதியை ஆய்வாளர்கள் 'பொறுமையின் பரப்பு' என்னும் பொருள்படக் குறிப்பிடுகிறார்கள். இப்பரப்புக்குள் நடப்பவற்றை நோயாளி பெரிதாக எண்ணுவதில்லை. அதனைத் தாண்டிய பின்னரே மனக்குறை எழுகிறது.

இப்பரப்பு எல்லாருக்கும் ஒரே அளவினதாக இருப்பதில்லை. இருவர் ஒரே வார்டில் ஒரே நாளில் 20 நிமிடம் காத்திருந்ததாகக் கொள்வோம். ஒருவர் 5 நிமிடத்தில் உதவி வரும் என்று நம்பியிருந்தார். மற்றவர் ஒரு மணி நேரமாகும் என்று எண்ணியிருந்தார். முன்னவர் குறைப்பட்டுக்கொள்வார், பின்னவர் மனநிறைவோடு வீடு செல்வார். நடந்ததோ இருவருக்கும் ஒன்றே. திருப்தியை மட்டும் அளந்தால், இவ்வுண்மை மறைந்து போகும்.

தோட்ட மக்களுக்கு இச்செய்தி மிகவும் நெருக்கமானது. முந்தைய தலைமுறையினர் பலருக்கு மருத்துவம் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரெசருமே. தோட்டங்களில் பணியாற்றிய மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கெனத் தனிச்சட்டம் 1965ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. காய்ச்சலுக்குக் கலவை மருந்தும், புண்ணுக்குக் கட்டும் கிடைத்தாலே போதும் என்றிருந்த நிலையில் வளர்ந்தவர்கள், பெரிய மருத்துவமனைக்குச் சென்றால் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்றறியாமல் ஒடுங்கி இருப்பதைக் காண்கிறோம். "மிசி கோபித்துக்கொள்ளுமோ" என்னும் தயக்கம் இன்றும் முற்றாக நீங்கிவிடவில்லை. குறைவாக எதிர்பார்ப்பவர் எளிதில் திருப்தியடைகிறார். அந்தத் திருப்தியைக் கொண்டு வார்டின் தரத்தை அளந்தால், யாருக்குக் கவனிப்பு மிகுதியாகத் தேவையோ அவருடைய குறை வெளிவராமலே நின்றுவிடும்.

அளவுகோல்கள் தோன்றிய வரலாறு

மருத்துவச் சேவையின் தரத்தை எங்ஙனம் ஆராய்வது என்பதற்கு 1966ஆம் ஆண்டில் அவேடிஸ் டொனபீடியன் என்னும் அறிஞர் ஒரு தெளிவான வழியைக் காட்டினார். கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்னும் மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. கட்டில், கருவி, ஆட்பலம் ஆகியவை கட்டமைப்பு. மருந்து கொடுப்பது, புண் துடைப்பது, விளக்கம் சொல்வது ஆகியவை செயல்முறை. நோய் நீங்கியதா, நோயாளி மனநிறைவு பெற்றாரா என்பது விளைவு.

1975ஆம் ஆண்டில் நான்சி ரிஸர் என்னும் ஆய்வாளர் தாதியர் பணிக்கென்றே ஓர் அளவுகோலை வெளியிட்டார். தொழில்திறன், விளக்கிக் கற்பிக்கும் தன்மை, நம்பிக்கை ஊட்டும் உறவு ஆகிய மூன்று பிரிவுகளில் 25 கூற்றுகளை அமைத்து, ஒவ்வொன்றையும் நோயாளி எவ்வளவு ஏற்கிறார் என்று கேட்பது அம்முறை. தாதியின் வேலை ஊசி குத்துவதோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இப்பிரிவுகளே எடுத்துக்காட்டுகின்றன.

எதிர்பார்ப்பையும் அனுபவத்தையும் தனித்தனியே அளந்து ஒப்பிடும் முறையோ மருத்துவமனையில் பிறந்ததன்று, வணிகத்துறையில் பிறந்தது. அமெரிக்காவில் பணியாற்றிய பரசுராமன், சைத்தமல், பெர்ரி ஆகிய மூவர் 1985ஆம் ஆண்டில் இதற்கான கருத்தை வகுத்து, 1988ஆம் ஆண்டில் 'செர்வ்குவால்' என்னும் வினாத்தாளை வெளியிட்டனர். இவர்களுள் பரசுராமன் சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்றவர் என்பது தமிழர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி. வங்கி போன்ற நிறுவனங்களை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்ட இம்முறை விரைவிலேயே மருத்துவமனைகளுக்கும் ஏற்றவாறு மாற்றியமைக்கப்பட்டது.

ஐந்து கூறுகள்

செர்வ்குவால் முறையில் 22 இணைக் கூற்றுகள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று எதிர்பார்ப்பைப் பற்றியது. மற்றொன்று கண்ட அனுபவத்தைப் பற்றியது. 1 முதல் 7 வரை புள்ளியிட வேண்டும். இக்கூற்றுகள் யாவும் ஐந்து கூறுகளில் அடங்கும். அவற்றைத் தாதியர் பணிக்குப் பொருத்திக் காண்போம்.

முதலாவது, கண்ணுக்குப் புலனாகும் பொருள்கள்: படுக்கை விரிப்பு தூய்மையாக உள்ளதா, கருவிகள் ஒழுங்காக உள்ளனவா என்பன.

இரண்டாவது, நம்பகம்: சொன்ன வேளையில் மருந்து கொடுக்கப்படுகிறதா, "பிறகு வந்து பார்க்கிறேன்" என்ற தாதி வந்து பார்க்கிறாரா என்பன.

மூன்றாவது, விரைந்து உதவும் மனப்பான்மை: அழைத்தால் வருகிறாரா, உடனே வர இயலாவிடில் அதனை எடுத்துச் சொல்கிறாரா என்பன.

நான்காவது, உறுதியளிக்கும் தன்மை: செய்யும் வேலையில் தேர்ச்சி தெரிகிறதா, கேட்ட ஐயத்துக்கு விடை கூறும் அறிவும் பண்பும் உள்ளனவா என்பன.

ஐந்தாவது, பரிவு: நோயாளியைக் கட்டில் எண்ணாகக் கருதாமல் மனிதராகக் கருதுகிறாரா, அவருடைய தனிப்பட்ட தேவையை உணர்கிறாரா என்பன.

அனுபவப் புள்ளியிலிருந்து எதிர்பார்ப்புப் புள்ளியைக் கழித்தால் கிடைப்பது இடைவெளி. ஒருவர் நம்பகத்துக்கு 7 எதிர்பார்த்து 5 கண்டார் என்றால் இடைவெளி கழித்தல் 2. மற்றொருவர் 3 எதிர்பார்த்து 4 கண்டார் என்றால் கூட்டல் 1. எண்ணை மட்டும் பார்த்தால் பின்னவருக்குக் கிடைத்த பணியே சிறந்தது போலத் தோன்றும். ஆனால், முன்னவர் கண்ட 5 பின்னவர் கண்ட 4ஐக் காட்டிலும் உயர்ந்ததல்லவா? ஆகவே இடைவெளியை மட்டும் நோக்குவதும் தவறு. எதிர்பார்ப்பு, அனுபவம் ஆகிய இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். எங்கே எதிர்பார்ப்பே 3 என்று தாழ்ந்து கிடக்கிறதோ, அங்கே மருத்துவமனை மகிழ்ச்சியடைவதற்கு ஒன்றுமில்லை. "இம்மக்கள் ஏன் இவ்வளவு குறைவாக எதிர்பார்க்கிறார்கள்?" என்று கேட்பதே அங்கு முதற்கடமையாகும்.

நம் நாட்டிலும் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் இம்முறையைத் தழுவிய வினாத்தாள்கள் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. பரிவு, கூட்டுப்பணி, தொழில்நெறி ஆகிய மூன்றையும் அமைச்சு தன் பணிப்பண்பாடாக வகுத்துக்கொண்டுள்ளது. 1993ஆம் ஆண்டு முதல் அரசாங்க அலுவலகங்களில் வாடிக்கையாளர் சாசனம் நடைமுறைக்கு வந்தது. இன்ன பணி இவ்வளவு நேரத்துக்குள் செய்யப்படும் என்று எழுதி மாட்டப்பட்டிருக்கும் அப்பலகை வெறும் அலங்காரமன்று. எதை எதிர்பார்க்கலாம் என்பதை அலுவலகமே மக்களுக்கு அறிவிக்கும் வாக்குறுதி அது.

சீட்டு அடுக்கும் முறை

எதிர்பார்ப்பை அறிய மற்றொரு சுவையான வழியும் உண்டு. 1984ஆம் ஆண்டில் பட்ரிசியா லார்சன் என்னும் தாதியியல் ஆய்வாளர், தாதியின் 50 செயல்களை 50 சீட்டுகளில் எழுதிப் புற்றுநோயாளிகளிடம் அளித்தார். முக்கியத்துவத்தின்படி அவற்றை ஏழு அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். மிக முக்கியமானது என்று 1 சீட்டைத்தான் வைக்கலாம், அடுத்த அடுக்கில் 4, அதற்கடுத்து 10, நடுவில் 20, பின்னர் 10, 4, 1 என்று இறங்கிவரும். "எல்லாமே முக்கியம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இதில் வழியில்லை.

ஊசி போடுவது, நரம்பில் மருந்து ஏற்றுவது, கருவிகளைக் கையாள்வது ஆகியவற்றைத் தவறின்றிச் செய்யத் தெரிந்திருப்பதை நோயாளிகள் முதன்மையாக வைத்தனர். தாதியரிடம் இதே சீட்டுகளைக் கொடுத்தபொழுதோ, நோயாளி சொல்வதைச் செவிமடுப்பதே முதலிடம் பெற்றது. இரு சாராரும் நல்ல நோக்கமுடையவர்களே. ஆயினும், ஒருவர் நினைப்பதை மற்றவர் அறிந்திருக்கவில்லை.

இதிலிருந்து அன்பான பேச்சு தேவையில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. கை நடுங்காமல் ஊசி போடுவதையே நோயாளி அன்பின் அடையாளமாகக் காண்கிறார் என்பதே இதன் கருத்து. உயிர் காக்கப்படும் என்னும் நிம்மதி பிறந்த பின்னரே அவர் மனம் மற்றவற்றை நாடுகிறது. நோயாளிக்கு என்ன வேண்டும் என்பதை அவரிடமே கேட்டறிய வேண்டுமேயன்றி, நாமாக ஊகித்துக்கொள்ளக்கூடாது என்னும் பாடத்தை இவ்வாய்வு நன்கு புகட்டுகிறது.

அளவுகோலிலும் கோணல் உண்டு

எந்தக் கருவியும் பிழையற்றதன்று. எதிர்பார்ப்பை அளக்கும் வினாத்தாள்களிலும் சில குறைகள் உள்ளன.

ஒன்று, கேட்கும் காலம். வீடு திரும்பிய பிறகு, "சேரும்பொழுது என்ன எதிர்பார்த்தீர்கள்?" என்று கேட்டால், நடந்து முடிந்ததையொட்டியே மனம் விடை கூறும். எதிர்பார்ப்பைச் சேரும்பொழுதும், அனுபவத்தைத் திரும்பும்பொழுதும் கேட்பதே முறை.

இரண்டு, கேட்கும் ஆள். மருந்து கொடுத்த தாதியே தாளை நீட்டினால் எந்த நோயாளி குறை கூறுவார்? அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு முதல் நாடளாவிய முறையில் நடைபெறும் நோயாளர் கருத்தாய்வில், நோயாளி வீடு திரும்பி 48 மணி நேரம் கழிந்த பின்னரே கேள்வி கேட்கப்படுகிறது. அதன் முடிவுகள் 2008ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் காணும்படி வெளியிடப்பட்டு வருகின்றன.

மூன்று, கேட்கும் மொழி. தேசிய மொழியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட தாளை எழுத்தறிவு குறைந்த முதியவர் எங்ஙனம் நிரப்புவார்? பிறர் கைகாட்டிய கட்டத்தில் குறியிடுவதே வழக்கமாகிவிடும். மிகவும் நோயுற்றவர்களும் முதியவர்களும் விடையளிக்காமலே விடுபட்டுப் போவதும் உண்டு.

நான்கு, எதிர்பார்ப்பை அளப்பதால் பெரும்பயன் உண்டா என்னும் ஐயம். பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் 7 என்றே எதிர்பார்ப்புப் புள்ளியிடுவதால் அதனைத் தனியே அளக்கத் தேவையில்லை என்றும், அனுபவத்தை மட்டும் அளந்தால் போதும் என்றும் வாதிடுவோர் உண்டு. குரோனின், டெய்லர் ஆகிய இருவர் 1992ஆம் ஆண்டில் அனுபவத்தை மட்டும் அளக்கும் முறையை முன்வைத்தனர். முன்னர் கூறிய அமெரிக்கக் கருத்தாய்வும், "தாதியர் உங்களை மரியாதையோடு நடத்தினார்களா? நீங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்களா? உங்களுக்கு விளங்கும்படி எடுத்துரைத்தார்களா?" என்று நடந்தவற்றையே கேட்டு, ஒருபோதும் இல்லை, சில வேளை, பெரும்பாலும், எப்பொழுதும் என்னும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்கிறது. நன்றியுணர்ச்சியும் தயக்கமும் புகுந்து விடையைத் திரிப்பதற்கு இத்தகைய கேள்வியில் இடம் குறைவு. ஆயினும், மக்கள் எதை நாடுகிறார்கள் என்பதை இம்முறை நேரடியாகக் காட்டுவதில்லை. ஒன்று நடந்ததைக் காட்டுகிறது. மற்றொன்று வேண்டியதைக் காட்டுகிறது. இரண்டும் தேவையே.

நாம் செய்ய வேண்டியவை

இம்முறைகள் எல்லாம் ஆய்வாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரியவை என்று தோட்ட மக்கள் ஒதுங்கிவிடலாகாது. எந்த அளவுகோலும் விடையளிப்பவரின் வாய்மையைப் பொறுத்தே பயன் தரும். மருத்துவமனையில் வினாத்தாள் கொடுக்கப்பட்டால், பின்வருவனவற்றை நினைவிற்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

எல்லாவற்றுக்கும் "மிக நன்று" என்று ஒரே கோடாகக் குறியிடாதீர்கள். அது தாதியருக்குச் செய்யும் நன்றியன்று. எங்கே குறை உள்ளது என்பதை அறியும் வாய்ப்பை அது பறித்துவிடுகிறது. ஆட்பற்றாக்குறையால் ஒரு தாதி அல்லற்படும் நிலையில், "குறையொன்றுமில்லை" என்னும் உங்கள் விடையே கூடுதல் ஆள் தேவையில்லை என்பதற்குச் சான்றாகிவிடவும் கூடும்.

தாளைப் படிக்க இயலாவிடில் மகனையோ மகளையோ உடன் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் விளக்கச் சொல்லி, உங்கள் விடையையே குறிக்கச் செய்யுங்கள். வீட்டிற்கு எடுத்துச் சென்று நிரப்பித் தரலாமா என்று கேட்பதிலும் தவறில்லை.

மருத்துவர், தாதி, உதவிப் பணியாளர், உணவு வழங்குவோர் ஆகியோரின் பணிகளைப் பிரித்தறியுங்கள். உணவு ஆறிப்போனதற்குத் தாதியைக் குறை கூறுவது முறையாகாது.

குறை கூறும்பொழுது ஆளை ஏசாமல் நிகழ்ந்ததைக் குறிப்பிடுங்கள். "மிசி சரியில்லை" என்பதால் எவருக்கும் பயனில்லை. "இரவு 2 மணிக்கு நரம்பில் ஏற்றிய மருந்து தீர்ந்தது, 3 மணிக்குத்தான் மாற்றப்பட்டது" என்றால் அதனை ஆராய முடியும். நன்மை நடந்திருந்தால் அதனையும் அவ்வாறே குறிப்பிட்டு எழுதுங்கள்.

நியாயமான எதிர்பார்ப்பு எது என்பதையும் அறிந்திருத்தல் நலம். கொடுக்கும் மருந்து எதற்கு என்று கேட்பது, வலியைத் தெரிவிப்பது, உடலைத் திறந்து சோதிக்கும்பொழுது திரைச்சீலையை இழுக்கச் சொல்வது, வீட்டிற்குச் சென்ற பின் புண்ணை எவ்வாறு பேணுவது என்று விளக்கம் கேட்பது ஆகியவை யாவும் நியாயமானவை. மற்றொரு கட்டிலில் மூச்சுத் திணறிக் கிடப்பவரை விட்டுவிட்டு முதலில் தம்மிடம் வரவேண்டும் என்பதோ நியாயமாகாது. தாதி தாமதிப்பதற்குக் காரணம் இருக்கலாம். அக்காரணத்தை ஒரு சொல்லில் அவர் எடுத்துரைப்பாரேயானால், காத்திருப்பவரின் மனம் பெரிதும் அமைதியடையும். சொல்லாமல் காக்க வைக்கும் 10 நிமிடம், சொல்லிவிட்டுக் காக்க வைக்கும் 20 நிமிடத்தைக் காட்டிலும் நீண்டதாகத் தோன்றுவது மனித இயல்பு.

மருத்துவமனையினருக்கும் ஒரு கடமை உண்டு. அளந்த பின்னர் அளவை ஏட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைப்பதாயின், கேளாமலே இருந்துவிடலாம். எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் இடைவெளி எங்கே மிகுதி என்று கண்டு, அதனைக் குறைக்க இன்னது செய்தோம் என்று மக்களுக்கு அறிவிக்க வேண்டும். அப்பொழுதுதான் அடுத்த முறை தாள் நீட்டப்படும்பொழுது மக்கள் மனந்திறந்து விடையளிப்பார்கள்.

ஒரு தலைமுறை, கிடைத்ததே போதும் என்று வாய்மூடி இருந்தது. அது பொறுமையாக இருக்கலாம். ஆனால் அப்பொறுமை யாருக்கும் எதையும் கற்றுத் தரவில்லை. எதை எதிர்பார்த்தோம், எதைக் கண்டோம் என்று பணிவோடும் தெளிவோடும் கூறுகின்ற நோயாளி, தமக்குப் பின் அதே கட்டிலில் படுக்கப் போகும் ஒருவருக்கு உதவி செய்கிறார். அந்த ஒருவர் நம் பக்கத்து வீட்டுக்காரராகவோ, நம் பிள்ளையாகவோ இருக்கக்கூடும்.